போஸ்ட் மிஸ்ஸின் வரப்போகும் படங்கள்

எங்கள் போஸ்ட் மிஸ் வெளிவந்த படங்களைப் பற்றிப் பேச மாட்டார். கவுண்டரில் நின்று யாராவது, "மிஸ், மாத்தளையில அந்தப் படம் போட்டிருக்காங்களாம், நல்லா இருக்காம்" என்று ஆசையாக ஆரம்பித்தால், தபால் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஓம், அது முடிஞ்ச அலுவல்" என்பார். சொன்னவருக்கு ஏதோ மையத்து விழுந்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போய்வந்தது போல ஆகிவிடும். மிஸ்ஸுக்கு வேண்டியது வரப்போகும் படங்கள். பூசை போட்ட படம், பூசை போடப்போகிற படம், கதை தயாராகி கதாநாயகி கிடைக்காமல் நிற்கிற படம், கதாநாயகி கிடைத்துக் கதை கிடைக்காமல் நிற்கிற படம். தியேட்டருக்கு வந்த அன்றைக்கு அந்தப் படத்தை மனதிலிருந்து இறக்கிவிட்டு அடுத்ததை ஏற்றிக்கொள்வார்.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எங்கேயாவது இருந்து இதை வாசித்தால், பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி, சரியான முத்திரை ஒட்டி, எனக்கே திருப்பி அனுப்பக்கூடியவர். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பல்லும் முழங்காலும் கிழடு தட்டிவிட்டன. பயம் மட்டும் இருபத்திரண்டு வயதிலேயே வாலிபமாக நிற்கிறது.

இருபத்திரண்டு வயதில் நான் அவருக்குக் கீழே கவுண்டர் எழுதுவினைஞன். மாத்தளையிலிருந்து லக்கல பக்கம் போகிற பாதையில் ஒரு சந்தி. ஒரு பக்கம் எங்கள் முஸ்லிம் கிராமம், மறுபக்கம் சிங்களக் கிராமம், மேலே ஒரு தோட்டம். மூன்றுக்கும் பொதுவாக இரண்டு அறை கொண்ட உப தபாலகம். மிஸ் அதன் தபாலதிபர். வடக்கில் பிறந்து, மாற்றலாகி மாத்தளை மாவட்டத்துக்கு வந்து, இங்கேயே நரைத்துப் போனவர். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, மூக்கில் ஒரு கண்ணாடி, கழுத்தில் நூலில் தொங்குகிற இன்னொரு கண்ணாடி. சிங்களம் பேசினால் பாடசாலை அதிபரே வாயைப் பொத்திக்கொண்டு கேட்பார். மூன்றாவது ஊழியர் தபால்காரர் பண்டா மாமா. சைக்கிள், காக்கிச் சட்டை, வெற்றிலை. தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் உறையின் மேலுள்ள கையெழுத்தின் சாய்வைப் பார்த்தே எந்த வீட்டுக் கடிதம் என்று சொல்வார்.

மெட்ராஸிலிருந்து வருகிற சினிமாப் புத்தகங்களுக்கு எங்கள் பகுதியில் ஐந்து வீடுகள் சந்தா கட்டியிருந்தன. வியாழக்கிழமை காலை பஸ்ஸில் தபால் பை வரும். பையை நான் கொட்டுவேன். புத்தகத்தைச் சுற்றியிருக்கிற தாள் பட்டையை மிஸ் கிழிக்காமல் உருவி எடுப்பார். ஒரு பிளேன்டீ குடித்து முடிகிற நேரத்துக்குள் 'இனி வரப்போவது' பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டுப் பட்டையைத் திரும்ப மாட்டுவார். சந்தாக்காரர்களுக்கு இது தெரியும். சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மனைவி, கடை ராத்தா என்று நாங்கள் சொல்லும் பெண்மணி, ஒருமுறை முறைப்பாடு செய்ய வந்தார். வாசித்ததற்காக அல்ல. ஒரு செய்திக்குப் பக்கத்தில் மிஸ் பென்சிலால் 'இது புளுகு' என்று எழுதி வைத்ததற்காக.

"புளுகா இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே மிஸ். நான் ரெண்டு நாளைக்குச் சந்தோசமா இருந்திருப்பேன்தானே."

"அப்பிடிச் சந்தோசப்படக் கூடாது" என்றார் மிஸ்.

பத்து மணிக்கு, கடிதம் போட வந்தவர்களும் ஒரு முத்திரையைச் சாட்டாக வைத்து வந்தவர்களும் வரிசையில் நிற்க, மிஸ் செய்தி சொல்லுவார். நடிகர்களின் பெயரை உச்சரிக்க மாட்டார். பெரியவர், சின்னவர், சுருட்டைமுடி, கன்னக்குழி என்று அவருடைய அகராதி தனி. செய்திகளையும் தபால் போலவே தரம் பிரிப்பார். ஒப்பந்தம் கையெழுத்தானால் அது பதிவுத் தபால். பேச்சுவார்த்தை நடந்தால் சாதாரணத் தபால். யாரோ சொன்னதாக யாரோ எழுதினால் முத்திரை ஒட்டாதது. "பெரியவருக்குக் கன்னக்குழி ஜோடி. இது பதிவு. பாட்டுக்கு வெளிநாடு போகினம் எண்டது முத்திரை இல்லாதது, அதை நம்ப வேண்டாம்." வரிசை தலையாட்டும். எத்தனையோ வருடங்களில் அவர் பதிவு என்று சொன்ன ஒன்றும் தவறியதில்லை. அதில் அவருக்கு இருந்த பெருமையைப் பார்த்தால், அந்தப் படங்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு நின்றார் என்று நினைப்பீர்கள்.

மெட்ராஸுக்குக் கடிதமும் போடுவார். ஒரு படத்தில் பெரியவருக்கு மகளாக வந்த பிள்ளையை மூன்று வருடம் கழித்து அவருக்கே ஜோடியாகப் போட்டார்கள் என்று தயாரிப்பாளருக்கு நான்கு பக்கம் எழுதினார். பதிலாகப் பெரியவர் கையெழுத்திட்ட படம் ஒன்று வந்தது. மற்றவர்கள் என்றால் சட்டகம் போட்டு மாட்டியிருப்பார்கள். மிஸ், "கேட்ட கேள்விக்கு மறுமொழி இல்லை" என்று அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த தராசின் காலுக்குக் கீழே வைத்தார்.

எண்பத்து மூன்றில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், மாத்தளையில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டை எரித்துவிட்டார்கள். மிஸ் அகதி முகாமுக்குப் போய், அங்கிருந்து கப்பலில் வடக்கே போனார். திரும்பமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்களாம். நான் அப்போது வேலையில் சேரவில்லை. பண்டா மாமா சொல்லிக் கேள்வி. சில மாதம் கழித்து ஒரு சூட்கேஸோடு பஸ்ஸிலிருந்து இறங்கி, நேரே தபாலகத்துக்குள் வந்து, "பெரியவரின்ர அடுத்த படத்துக்கு ஆர் ஜோடி?" என்று கேட்டிருக்கிறார். பண்டா மாமாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. ஆனால் விடை அவரிடம் இருந்தது. சந்தாக்காரர்கள் வாசித்து முடித்த புத்தகங்களை வீடு வீடாகக் கேட்டு வாங்கி, கிழமை வரிசை தவறாமல் அடுக்கி, சணல் கயிற்றால் கட்டித் தன் வீட்டு மச்சில் வைத்திருந்தார். தமிழ் தெரியாத மனுசன் எப்படி வரிசை பார்த்தார் என்று கேட்டேன். "இலக்கம் எல்லாருக்கும் ஒன்றுதானே மகன்" என்றார்.

இனி நான் பயந்த கதைக்கு வருகிறேன்.

வடக்கில் இந்தியப் படை வந்து இறங்கியிருந்தது. அந்தக் கோபத்தில், அரசாங்கத்தை எதிர்த்து எழுந்த சிங்கள இளைஞர்கள், இந்தியச் சாமான் எதையும் யாரும் விற்கவும் கூடாது வாங்கவும் கூடாது என்று இரவோடிரவாகத் துண்டு ஒட்டினார்கள். துண்டு என்றால் கொப்பித் தாளில் நாலு வரி. நாலாவது வரி எப்போதும் மரணம். நாங்கள் அவர்களைத் துண்டுக்காரர் என்றோம், அதையும் மெதுவாகச் சொன்னோம். கடை ராத்தாவின் கடையில் பம்பாய் வெங்காயம் பெரிய வெங்காயம் ஆயிற்று. துண்டுக்காரர்கள் கடையை மூடச் சொன்னால், ஜீப்பில் வருகிற இராணுவத்தினர் திறக்கச் சொன்னார்கள். இரண்டுக்கும் தண்டனை ஒன்றே. பாதையோரத்தில் காலையில் கிடந்தவர்களைப் பார்க்காதது போல சைக்கிள் மிதிக்கப் பழகியிருந்தோம்.

எங்களுக்கான துண்டு எங்கள் தபால் பெட்டிக்குள்ளேயே வந்தது. பெட்டியைத் திறந்து கடிதங்களை அள்ளி, பழக்க தோசத்தில் டப் டப் என்று திகதி முத்திரை குத்திக்கொண்டே போனவன், ஒன்றைக் குத்திய பிறகுதான் வாசித்தேன். 'தபாலதிபருக்கு. இந்தியப் புத்தகங்கள் கொடுப்பதை நிறுத்து. மீறினால் மரணம்.' அதன் நடுவில் அன்றைய திகதி அழகாக விழுந்திருந்தது.

மிஸ்ஸிடம் நீட்டினேன். அவர் வாசித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"முத்திரை ஒட்டாத கடிதத்தில திகதி குத்தலாமோ? உமக்கு ஆர் படிப்பிச்சது?"

"மிஸ், இது கடிதம் இல்ல மிஸ். இது மவுத்து."

"எங்கட பெட்டியிலதானே போட்டிருக்கினம். போட்டால் அது கடிதம்தான்." பேனையை எடுத்து மூன்று மொழியிலும் எழுதினார்: பெறுநர் ஏற்க மறுத்தார், அனுப்பியவர் விபரம் இல்லை. "கொழும்புக்குப் போற பையில போடும். திரும்பின கடிதங்களைப் பார்க்கிற கந்தோர் ஒண்டு இருக்கு. அவை பாக்கட்டும்."

போட்டேன். தன் மரணத்தையே சட்டப்படி திருப்பி அனுப்பிய ஒருவருக்குக் கீழே வேலை செய்கிறேன் என்று அன்று தெரிந்தது. வீட்டுக்குப் போய் உம்மாவிடம் எனக்குக் காய்ச்சல் என்றேன். உம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் இல்ல, பயம். எழும்பு, போ" என்றார்.

புத்தகங்கள் தொடர்ந்து போயின. அரசாங்கத்தின் நெற்பூச்சி ஒழிப்புப் பிரசுரங்களை நான் களவாக அவற்றின் மேலே சுற்றி அனுப்பினேன். தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் மனைவி, கன்னக்குழியின் அட்டைப்படம் இருக்க வேண்டிய இடத்தில் தண்டு துளைப்பான் பூச்சியின் படம் இருக்கிறதே என்று ஆள் விட்டுக் கேட்டார்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை புத்தகமே வரவில்லை. கொழும்பில் இறக்குமதி செய்கிறவர்களே பயந்து நிறுத்திவிட்டார்கள். அன்று பள்ளிவாசலில் இரண்டு ரக்காத் கூடுதலாகத் தொழுதேன். செய்தி ஒழிந்தது, ஆபத்து ஒழிந்தது.

அடுத்த வியாழன் பத்து மணிக்கு மிஸ் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, வரிசையைப் பார்த்து, "பெரியவர் அடுத்த படத்தில பொலிஸ் இல்லை. வக்கீல். இது பதிவு" என்றார்.

அதற்கடுத்த வியாழன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். பெரியவரும் சின்னவரும் ஒரே படத்தில். இருபது வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள். சந்தி இரண்டாகப் பிரிந்தது. யாருக்கு முதல் பெயர், யாருக்குக் கன்னக்குழி, கடைசியில் யார் யாரை மன்னிப்பது. பஸ் ஓடாத நாட்களிலும் தோட்டத்திலிருந்து நடந்து வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். சிங்களக் கிராமத்திலும் ஆட்கள் பண்டா மாமாவை மறித்து, "என்ன, இரண்டு பேரும் சமாதானமா?" என்று விசாரித்தார்கள்.

பையைக் கொட்டுகிறவன் நான். ஆறு வியாழனாக அதில் ஒரு புத்தகமும் இல்லை என்பது எனக்குத்தான் தெரியும். மத்தியானம் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன்.

"மிஸ், உங்களுக்கு எப்படி மிஸ் தெரியுது?"

"நான்தான் எழுதுறன்."

"என்னத்த?"

"புதன்கிழமை பின்னேரம் இருந்து கொப்பியில எழுதுறன். வியாழக்கிழமை சொல்லுறன்."

"எல்லாம் புளுகா?"

அந்தச் சொல் அவருக்குத் தைத்தது. சேலைத் தலைப்பால் தராசுத் தட்டைத் துடைத்தார். பிறகு சொன்னார்: "இந்த வரிசையில வாறவை என்ன கேக்கினம் எண்டு நீரும் கேக்கிறீர்தானே. மகன்ர கடிதம் வந்ததோ, எந்தக் காம்பில வச்சிருக்கினம், போன கிழமை பிடிச்சவையை விட்டிட்டினமோ. ஒண்டுக்கும் என்னட்ட மறுமொழி இல்லை. அடுத்த மாசம் என்ன நடக்கும் எண்டு ஒரு விசயத்திலயாவது இந்தச் சனத்துக்குச் சரியா ஒராள் சொல்ல வேணும்."

"துண்டுக்காரங்க அறிஞ்சா?"

"அறிஞ்சால் என்ன? இந்தியச் சாமானைத்தானே வேண்டாம் எண்டவை. இது இந்தச் சந்தியில செய்யிற சாமான்."

நான் பயந்தது அதற்குத்தான். இவ்வளவு நாளும் கடத்தல், இப்போது உற்பத்தி.

புத்தகம் நின்று பதினோராவது வியாழக்கிழமை. பத்து மணி. வரிசையில் எட்டொன்பது பேர், முன்னால் கடை ராத்தா. "சின்னவர் சம்மதிச்சிட்டார்" என்று மிஸ் தொடங்கியபோது வெளியே சைக்கிள் விழும் சத்தம். பார்த்தால் மூன்று இளைஞர்கள். முகத்தில் கைக்குட்டை. ஒருவன் கையில் நாட்டுத் துப்பாக்கி. தலைவன் போலிருந்தவன் பண்டா மாமாவின் சட்டைக் கழுத்தைப் பிடித்துப் படியில் இழுத்து வந்தான். இன்னொருவன் தபால் பையைப் பாதையில் தலைகீழாகக் கொட்டினான்.

நான் எப்போது மேசைக்குக் கீழே போனேன் என்று எனக்குத் தெரியாது. உடம்பு என்னிடம் சொல்லாமலே போய்விட்டிருந்தது. கையில் திகதி முத்திரை. துப்பாக்கிக்கு எதிராக அதை வைத்து என்ன செய்வதாக இருந்தேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

"புத்தகம் எங்கே?" தலைவன் சிங்களத்தில் கேட்டான்.

"புத்தகம் வரவில்லை மகன்" என்றார் பண்டா மாமா. அறை விழுந்த சத்தம் கேட்டது.

"கிழமைக்குக் கிழமை இந்தியச் சினிமாக் கதை இந்தச் சந்தியில் பேசுகிறார்கள். வானத்திலிருந்தா விழுகிறது? பை சுமக்கிறவன் நீதானே. மற்றதைப் போகிற வழியில் பேசிக்கொள்ளலாம், நட."

அந்த நாட்களில் அப்படி நடந்து போன யாரும் திரும்பி நடந்து வந்ததில்லை.

கவுண்டர் கதவு திறந்தது. வேலை நேரத்தில் மிஸ் அந்தக் கதவைத் தாண்டி வெளியே வந்து நான் பார்த்ததில்லை. மேசைக்கடியிலிருந்து அவருடைய செருப்பு மட்டும் தெரிந்தது. அது நடுங்கவில்லை.

"அவரை விடுங்கள்" என்றார், அந்த அழகான சிங்களத்தில். "புத்தகம் வந்து பதினொரு கிழமை. அவர் ஒன்றும் கொண்டுவரவில்லை. அந்தச் செய்தியெல்லாம் நான் உண்டாக்கியது."

"உண்டாக்கியது என்றால்?"

"பொய்."

வரிசையில் நின்ற எல்லோருக்கும் சிங்களம் தெரியும். கடை ராத்தா, "யா அல்லாஹ்" என்று மெதுவாகச் சொன்னது கேட்டது. எத்தனையோ வருடம் ஒரு சொல் தவறாத வாய், எல்லோருக்கும் முன்னால், அதை மூன்று பொடியன்களிடம் ஒப்புக்கொண்டது.

தலைவன் சிரித்தான். "கிழவனைக் காப்பாற்ற இந்தப் பொய்யைச் சொல்கிறீர்கள்."

மிஸ் உள்ளே வந்து, என் தலைக்கு மேலே மேசை லாச்சியை இழுத்து, கொப்பியை எடுத்துக் கொடுத்தார். அவன் புரட்டினான். "தமிழ். எனக்கு வாசிக்கத் தெரியாது. நீங்கள் வாசித்தால் இஷ்டத்துக்கு வாசிப்பீர்கள். வேறு யார் இருக்கிறார்?"

"மேசைக்குக் கீழே ஒருவர் இருக்கிறார்" என்றார் மிஸ்.

அந்த வசனத்துக்காக அவரை நான் மன்னிக்கச் சில வருடங்கள் ஆயின.

எழுந்தேன். எழுந்ததாகத்தான் நினைத்தேன், துப்பாக்கிக்காரன் காலரைப் பிடித்துத் தூக்கியபோதுதான் இன்னும் குந்தியிருந்தது தெரிந்தது. கொப்பி என் முன்னால். தமிழில் வாசி, சிங்களத்தில் சொல்.

"பெரியவர், பொலிஸ்... அது வெட்டியிருக்கு. வக்கீல். பக்கத்தில, தபாலதிபராப் போட்டால் என்ன... அதுவும் வெட்டியிருக்கு. பேராசை என்று எழுதியிருக்கு."

"ம்."

"கன்னக்குழி கோபித்துக்கொண்டு விலகியதாகச் சொல்லலாம். கடை ராத்தா அழுவா. இரண்டு கிழமை விட்டுத் திருப்பிக் கொண்டுவரலாம்."

வரிசையின் முன்னாலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. தலைவன் வெட்டுக்கோடுகளை விரலால் தடவிப் பார்த்தான். புத்தகத்தைப் பார்த்துக் கொப்பியில் எழுதியிருந்தால் இத்தனை வெட்டு வராது என்று யோசித்தான் போல. ஆனாலும் முகம் இளகவில்லை. "அடுத்த பக்கம்" என்றான்.

அடுத்த பக்கத்தைக் கண்ணால் பார்த்ததும் கொப்பியை மூடப் பார்த்தேன்.

"வாசி."

"காமெடி. பயந்தாங்கொள்ளி ஒருவன். நம்மட கவுண்டர் தம்பியைப் பார்த்து எழுத வேணும்." அடுத்த வரியில் விரலை வைத்தேன். "பயம் வந்தால் கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டு மேசைக்குக் கீழே போகிற குணம். நல்ல பிள்ளை. சனம் சிரிக்கும்."

சிங்களத்தில் ஒரு சொல் விடாமல் சொன்னேன். பயத்தில் மறைக்கவும் தெரியவில்லை. துப்பாக்கிக்காரன் கைக்குட்டைக்குள் களுக்கென்று சிரித்துவிட்டான். தலைவன் என் கையிலிருந்த திகதி முத்திரையைப் பார்த்தான்.

"இது நீயா?"

"நான்தான்."

"மேசைக்குக் கீழே போவாயா?"

"இப்பதானே போய்ட்டு வந்தேன்."

இந்தியாவில் யாரும் என்னைப் பார்த்து எழுதியிருக்க முடியாது என்பது அவனுக்கே விளங்கியது. பண்டா மாமாவின் காலரை விட்டான். என் கோழைத்தனம் உலகத்துக்குச் செய்த ஒரே உபகாரம் அது. அதையும் நான் வேண்டுமென்று செய்யவில்லை.

மிஸ் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"இது இந்த ஊரில் செய்த சாமான். ஊர்ச் சாமானை நிறுத்தச் சொல்லி உங்கள் துண்டில் இல்லை. தெரு முழுக்க மற்றவர்களுடைய கடிதம் கிடக்கிறது, பொறுக்கி வைத்துவிட்டுப் போங்கள்."

கண்ணை மூடி, சாகும்போது சொல்கிற கலிமாவைச் சொன்னேன். கண்ணைத் திறந்தபோது தலைவன் கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பாதையில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தான். பையைக் கொட்டியவன் மட்டும் குனிந்து, நாலைந்து கடிதங்களை எடுத்துப் படியில் வைத்துவிட்டு ஓடினான். அந்த மூவரும் அடுத்த வருடத்தைக் கண்டதாக நான் கேள்விப்படவில்லை. அதன் பிறகு ஜீப்புகளின் முறை வந்தது.

மிஸ் பண்டா மாமாவுக்குத் தண்ணீர் கொடுத்து, உதட்டுக்குப் பஞ்சு வைத்து, உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். "அடுத்த ஆள்" என்றார். அடுத்த ஆள் கடை ராத்தா. அவர் மிஸ்ஸை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முத்திரை வாங்காமல் போய்விட்டார். ஒவ்வொருவராகப் போனார்கள். மிஸ் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. துப்பாக்கியை நேராகப் பார்த்த மனுசி, வெறும் வரிசையைப் பார்க்கமுடியாமல் இருந்தார். அந்தக் கிழமை முழுக்க அவர் வாயிலிருந்து கட்டணத்தைத் தவிர வேறொன்றும் வரவில்லை. புதன்கிழமை பின்னேரம் புதுக் கொப்பி எதுவும் வாங்கவில்லை. நான் கவனித்தேன். சந்தோசப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

மறு வியாழன் ஜன்னலில் பாதியைச் சாத்தி வைத்துவிட்டு, பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருத்தரும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். என் துஆ ஒன்றும் கபூலாகிற வழக்கமில்லை. பத்து மணிக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது வரிசை படியைத் தாண்டி வெயிலில் நின்றது. ஒருத்தர் கையிலும் கடிதம் இல்லை.

"இண்டைக்குச் செய்தி இல்லை" என்றார் மிஸ், தராசைப் பார்த்து. "இனியும் இல்லை. நான் சொன்னது முழுக்கப் புளுகு எண்டு எல்லாருக்கும் கேட்டதுதானே."

"கேட்டிச்சு" என்றார் கடை ராத்தா. இரண்டு கையையும் கவுண்டர் பலகையில் ஊன்றினார். "ஒரு கிழமையா நித்திர இல்ல எனக்கு. என்னய அழவெக்கத்தானே அந்தப் புள்ளய வெளிய அனுப்பினீங்க? நானும் அழுதேன். சமைக்காமக் கிடந்தேன். இப்ப அது உங்கட கையாலதான் நடந்திச்சுன்னு தெரியுது. அப்ப நான் மெட்ராஸுக்கா எழுதுற? உங்ககிட்டத்தானே கேக்கணும். அந்தப் புள்ளைக்கு நல்ல வேஷம் ஒன்னு குடுங்க மிஸ். அழுற வேஷம் வாணாம். அழுறதுக்கு நாங்க இரிக்கிறோம்."

"கன்னக்குழிக்கா?" என்று பின்னாலிருந்து கிளாக்கரின் மனைவி சண்டைக்கு வந்தார். "அதுக்கு நடிக்கவே தெரியாதுங்க. புதுப் புள்ளையைப் போடுங்க மிஸ். டாக்டரா போடுங்க."

"டாக்டரம்மான்னா யார் பாக்கிற?"

"நான் பாப்பேன்."

மூன்று நிமிடத்தில் வரிசை இரண்டாகிவிட்டது. பெரியவர் வக்கீலாக இருக்கக்கூடாது, வக்கீலைப் பார்த்து இந்த ஊரில் யாருக்கும் நம்பிக்கை இல்லை என்றார் ஒருவர். சின்னவர் கடைசியில் சாகக்கூடாது என்று ஒரு குரல். யாருமே சாகக்கூடாது என்று இன்னொரு குரல், அதை யாரும் எதிர்க்கவில்லை. நான் பாதையைப் பார்த்து, "மெதுவா பேசுங்க, மெதுவா பேசுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். எவரும் என்னைச் சட்டை செய்யவில்லை.

மிஸ் மெல்ல நிமிர்ந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மணியோடர் படிவம் ஒன்றைத் திருப்பிப் பின்பக்கத்தில் கோடு போட்டார்.

"ஒராள் ஒராளாச் சொல்லுங்கோ" என்றார். "சத்தம் போட்டால் எழுத மாட்டன்."

சத்தம் கேட்டு, அன்றைய தபாலை அடுக்கிக்கொண்டிருந்த பண்டா மாமா உள்ளே எட்டிப் பார்த்தார். உதடு இன்னும் வீங்கியிருந்தது. என்ன நடக்கிறது என்று என்னிடம் கேட்டு விளங்கிக்கொண்டார். சைக்கிள் கிளிப்பைக் காலில் மாட்டினார். பிறகு கவுண்டர் பக்கம் வந்து, வெட்கத்தோடு சிங்களத்தில் கேட்டார்:

"மிஸ், அதில் ஒரு தபால்காரனுக்கு இடம் இருக்கிறதா?"

"முதல் காட்சியிலிருந்தே இருக்கிறார்" என்றார் மிஸ், எழுதுவதை நிறுத்தாமல். "அடி வாங்குகிற காட்சி ஒன்று இருந்தது. அதை நான் வெட்டிவிட்டேன்."